மன்றச் சந்தாவும் தோட்டக் கூலியும்

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய அரசர் பட்டியலையும் போர்களின் ஆண்டுகளையும் மட்டும் படித்தால் போதாது. அந்நாட்டு மக்கள் எவ்வளவு ஈட்டினர், எதற்குச் செலவிட்டனர், யாரோடு உடனமர்ந்து உண்டனர் என்பவற்றையும் ஆராய்தல் வேண்டும். இம்மூன்றையும் ஒருங்கே காட்டும் இடம் ஒன்று உண்டு. அதுவே மனமகிழ் மன்றம் என்றும் கிளப் என்றும் நாம் அழைக்கும் அமைப்பு. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஆங்கிலேயர் தோற்றுவித்த மன்றங்களின் கதை, அவர்களுடைய பொழுதுபோக்கின் கதை என்று பலரும் எண்ணுவர். உண்மையில் அது வருமானத்தின் கதை, வகுப்பின் கதை, தோட்டத்தில் பால் மரம் வெட்டிய நம் முன்னோரின் கூலியோடு பின்னிப் பிணைந்த கதையுமாகும்.

மன்றத்தில் சேர மூன்று வாயில்களைக் கடக்க வேண்டியிருந்தது. முதலாவது பணம். சேர்க்கைக் கட்டணம், மாதச் சந்தா, அங்கு உண்ணவும் பருகவும் ஆகும் செலவு ஆகியவற்றைத் தாங்கும் வருவாய் வேண்டும். இரண்டாவது வாக்கு. முன்னரே உறுப்பினராயிருப்போர் இருவர் ஒருவரை முன்மொழிந்து வழிமொழிய, ஏனையோர் பெட்டியில் வெள்ளைக் குண்டோ கறுப்புக் குண்டோ இடுவர். கறுப்புக் குண்டுகள் சிலவே விழுந்தாலும் கதவு அடைபட்டுவிடும். மூன்றாவது நிறம். இம்மூன்றாவது வாயில் எல்லா மன்றங்களின் விதிகளிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதாமலே அது காக்கப்பட்டது.

முதல் மன்றங்கள்

சிங்கப்பூர் கிரிக்கெட் கழகம் 1852-இல் தோன்றியது. தங்லின் கிளப் 1865-இலும், பினாங்கு கிளப் 1868-இலும் அமைந்தன. கோலாலம்பூரில் 1884-இல் சிலாங்கூர் கிளப் அத்தாப்புக் கூரை வேய்ந்த ஒரு சிறு பலகை வீட்டில் தொடங்கிற்று. அப்போது கோலாலம்பூரே ஈயச் சுரங்கங்களை நம்பி எழுந்த சிற்றூர். அங்கிருந்த ஐரோப்பியர் தொகை மிகக் குறைவு. ஆதலின் ஆரம்ப நாள்களில் அம்மன்றம் தன் கதவைச் சற்றே அகலத் திறந்து வைத்திருந்தது.

அவ்வாறு நுழைந்தவருள் ஒரு தமிழரும் உண்டு. அவரே தம்புசாமிப் பிள்ளை. 1850-இல் சிங்கப்பூரில் பிறந்து, ராபிள்ஸ் கல்விக்கூடத்தில் பயின்று, சிலாங்கூர் அரசாங்கக் கருவூலத்தில் பணியாற்றி, பின்னர்ச் சுரங்கத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டியவர் அவர். கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயில் வரலாற்றிலும் விக்டோரியா கல்விக்கூட வரலாற்றிலும் அவர் பெயர் இடம் பெற்றுள்ளது. அவர் மன்றத்தில் இடம் பெற்றதற்கு ஆங்கிலக் கல்வியும், அரசாங்கத் தொடர்பும், செல்வமும் காரணங்கள். சிலாங்கூர் கிளப்புக்கு 'புள்ளி நாய்' என்று ஒரு வேடிக்கைப் பெயர் உண்டு. மன்றத் தலைவர் வீட்டுப் புள்ளி நாய்களால் அப்பெயர் வந்தது என்பர் சிலர். பல நிறத்தவரும் கலந்திருந்தமையால் வந்தது என்பர் வேறு சிலர். எது உண்மையாயினும், இரண்டாவது விளக்கம் மக்கள் வாயில் நிலைத்ததே, அக்கலப்பு எவ்வளவு அரிதாகக் கருதப்பட்டது என்பதைக் காட்டுகிறது.

ஒரே நிறத்தாருள் இரு படிகள்

வெள்ளையர் அனைவரும் ஒரே வகுப்பினர் என்று எண்ணுதல் பிழை. அவர்களுக்குள்ளும் மேலோர், கீழோர் என்னும் வேறுபாடு கூர்மையாக இருந்தது. உயர் அதிகாரி, பெரிய துரை, வழக்கறிஞர் ஆகியோர் ஒரு பக்கம். புகைவண்டி ஓட்டுநர், காவல் துறைச் சார்ஜண்டு, கடைச் சிப்பந்தி ஆகியோர் மறுபக்கம். சிலாங்கூர் கிளப் வளர வளர, சந்தா கட்ட முடிந்த சாதாரண வெள்ளையரும் அதில் இடம் பெற்றனர். உடனே மேலோர்க்கு வேறிடம் தேவைப்பட்டது. 1890-இல் கோலாலம்பூர் ஏரிப் பூங்காவின் அருகே லேக் கிளப் தோன்றியது. பேராக்கில் தைப்பிங் நகரிலும் இதுவே நிகழ்ந்தது. அங்கு 1881-இல் பேராக் கிளப் அமைந்திருக்க, 1894-இல் மேல்நிலையினர் நியூ கிளப்பை அமைத்துக் கொண்டனர்.

இங்கு ஓர் உண்மை புலனாகின்றது. ஒரு வேலியைப் பலர் தாண்டிவிட்டால், அதற்கு உள்ளே மற்றொரு வேலி எழும். மன்றக் கட்டணம் என்பது மதுவுக்கும் பந்தாட்டத்துக்கும் கொடுக்கும் விலையாகத் தோன்றினாலும், அதில் பெரும்பகுதி யாரோடு அமராமல் இருக்கலாம் என்பதற்கே கொடுக்கப்பட்டது. மலிவான மன்றத்திலும் அதே பந்துதான், அதே மதுதான். உடனிருப்போர்தாம் வேறு.

இச்செலவு இளைஞரைப் பெரிதும் வருத்தியது. 1910 வாக்கில் ரப்பர்த் தோட்டத்தில் சின்னத் துரையாகச் சேர்ந்த ஐரோப்பிய இளைஞர் மாதம் ஏறக்குறைய 200 வெள்ளி பெற்றார். வட்டார மன்றத்தில் சேராவிடில் அவருக்குச் சுற்றமும் இல்லை, செல்வாக்கும் இல்லை. மன்றத்தில் கையில் காசு கொடுத்து வாங்கும் வழக்கமில்லை. சீட்டில் கையொப்பம் இட்டால் போதும். மாத இறுதியில் சீட்டுகளெல்லாம் ஒன்றுசேர்ந்து கடனாக வந்து நிற்கும். அவர் மணம் செய்து கொள்ளவும் தடை இருந்தது. மனைவியோடு 'தகுதிக்கேற்ப' வாழும் அளவு சம்பளம் உயரும்வரை இளையோர் மணம் புரிதலை வங்கிகளும் தோட்டக் கம்பெனிகளும் விரும்பவில்லை. ஏழை வெள்ளையன் ஒருவனை ஆசிய மக்கள் கண்டுவிட்டால் ஆட்சியின் மதிப்பே குன்றும் என்ற அச்சமே இதற்குக் காரணம்.

இரண்டு செலவுக் கணக்குகள்

அந்த அச்சத்திலிருந்து பிறந்ததே 'ஐரோப்பிய வாழ்க்கைத் தரம்' என்னும் கொள்கை. முதல் உலகப் போருக்குப் பின் விலைவாசி ஏறியபோது, அதிகாரிகளின் சம்பளத்தையும் வாழ்க்கைச் செலவையும் ஆராய 1919-இல் தலைமை நீதிபதி பக்னில் தலைமையில் ஒரு குழு அமைந்தது. ஐரோப்பியர் ஒருவர் இந்நாட்டில் தம் நிலைக்கேற்ப வாழ என்னென்ன தேவை என்பதே ஆராய்ச்சியின் அடிப்படை. வேலையாள்களின் ஊதியம், தாய்நாடு சென்று வரும் செலவு, மன்றத் தொடர்பு ஆகியவை ஆடம்பரமாக எண்ணப்படவில்லை. வாழ்வின் தேவைகளாகவே கொள்ளப்பட்டன. அதாவது, மன்றத்தில் சேரும் அளவுக்குச் சம்பளம் வேண்டும் என்பது ஏற்றுக் கொள்ளப்பட்ட நியாயமாயிற்று.

அடுத்த பத்து ஆண்டுக்குள் அதே நாட்டில் மற்றொரு செலவுக் கணக்கும் எடுக்கப்பட்டது. அது தமிழ்த் தோட்டத் தொழிலாளியின் கணக்கு. 1920-களில் இந்தியக் குடியேற்றக் குழு தொழிலாளரின் தேவைகளைத் திரட்டி, அதன்படி 'தரக் கூலி' வகுத்தது. அரிசி, உப்பு, மிளகாய், கருவாடு, எண்ணெய், துணி, பாய், சட்டி பானை, திருவிழாச் செலவு என அக்கணக்கு அமைந்தது. அதன் முடிவாக, போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும், பெண்ணுக்கு 40 காசும் என்று குறிக்கப்பட்டது. பொருள்களின் விலை மிகுந்த உட்பகுதிப் பகாங்கில் அது முறையே 58 காசும் 46 காசும் ஆயிற்று. மாதம் 26 நாள் தவறாமல் வேலை செய்த ஆண் 13 வெள்ளி பெற்றான். பெண் 10 வெள்ளி 40 காசு பெற்றாள். இருபது ஆண்டுக்கு முன் சின்னத் துரை பெற்ற தொகையில் பதினைந்தில் ஒரு பங்கைக்கூட அந்த 13 வெள்ளி எட்டவில்லை.

இரு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். தோட்டத்தில் குடியிருப்பும் மருத்துவமும் இலவசம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் இரு கணக்குகளின் அடிப்படையும் வேறு. துரையின் கணக்கு, மற்றவர் கண்ணில் அவர் எப்படித் தோன்ற வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறது. தொழிலாளியின் கணக்கு, மறுநாள் அவன் வேலைக்கு வர எவ்வளவு உண்ண வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறது. ஒருவருக்கு மரியாதை தேவைப் பொருள். மற்றவருக்கு அது பட்டியலிலேயே இல்லை. வருமானத்தை வகுப்பு தீர்மானிக்கிறதா, வகுப்பை வருமானம் தீர்மானிக்கிறதா என்று பொருளியல் அறிஞர் வினவுவர். காலனி ஆட்சியில் விடை தெளிவாக இருந்தது. வகுப்பை முதலில் வரையறுத்தனர். அதற்கேற்ற வருமானத்தைப் பின்னர் அளந்து கொடுத்தனர்.

பொருளாதார மந்தம் வந்ததும் இவ்வேறுபாடு மேலும் வெளிப்பட்டது. 1930-இல் ஆண் கூலி 40 காசாகவும் பெண் கூலி 32 காசாகவும் குறைக்கப்பட்டது. பின்னர் அதனினும் இறங்கியது. வேலையிழந்த இந்தியர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேற்றித் தாயகம் அனுப்பப்பட்டனர். வேலையிழந்த ஐரோப்பியரும் ஊர் திரும்பினர். ஆனால் அவர்களை அனுப்பியதற்கு இன மதிப்பைக் காப்பதும் ஒரு காரணமாயிற்று. 1936-ஆம் ஆண்டு இறுதியில் மலாயா வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார், 50 காசு, 40 காசு என்னும் பழைய கூலியை மீண்டும் தர வேண்டும் எனப் பரிந்துரைத்தார். கூலி உயர்ந்தது, ஆனால் 1938-இல் மீண்டும் வெட்டப்பட்டது. அவ்வாண்டு ஜூனில் இந்திய அரசாங்கம் உதவி பெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்தது.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தை இப்பின்னணியில் காண வேண்டும். ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற அப்போராட்டம் கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு நல்ல கல்வி வேண்டும்; கள்ளுக்கடைகளை மூட வேண்டும்; துரை எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்றும் கேட்டது. கூலிக் கணக்கில் எழுதப்படாத மரியாதையைத் தொழிலாளர் தாமே எழுதிச் சேர்த்தனர். அரசாங்கம் நாதனை நாடு கடத்தியது, படையை அழைத்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

பணமும் பதவியும் போதாமற் போன காலம்

மன்றத்தின் மூன்றாவது வாயிலாகிய நிறம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறுகியது. 1904-இல் மலாயா சிவில் சேவைத் தேர்வுக்குத் தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் ஐரோப்பிய மரபினராய் இருத்தல் வேண்டும் என்னும் விதி வந்தது. அலுவலகத்தில் அடைபட்ட கதவு, மன்றத்தில் திறந்திருக்குமா? தம்புசாமிப் பிள்ளை 1902-இலேயே மறைந்துவிட்டார். அவருக்குக் கிட்டிய இடம் அவர் பின்னோர்க்கு எளிதிற் கிட்டவில்லை.

இத்தடை எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு 1952-இல் நடந்த நிகழ்ச்சி ஒன்றே போதும். செயின்ட் ஜார்ஜ் சங்கத்தார் லேக் கிளப்பில் ஒரு விருந்து நடத்த எண்ணிச் சிலாங்கூர் சுல்தானை விருந்தினராக அழைக்க விரும்பினர். ஆசியர் உள்ளே வருதல் விதிக்கு மாறானது என்று மன்றக் குழு மறுத்தது. மன்றம் நின்ற மண்ணே சுல்தானின் மாநிலம். அவருக்கே அங்கு உண்ண இடமில்லை! அப்போது ஹை கமிஷனராயிருந்த ஜெனரல் டெம்ப்ளர் சினங்கொண்டு குழுவினரைக் கடுமையாகக் கண்டித்தார். காட்டில் கம்யூனிஸ்டுகளோடு போர் நடக்கையில், மலாயா மக்களின் மனத்தை வெல்வதே தம் பணி எனக் கருதியவர் அவர். அதன் பின்னர் விதி மாறியது. பணத்தாலும் முடியாலும் திறவாத கதவை அரசியல் தேவை திறந்தது.

ஆசியர் மன்றங்கள்

கதவடைத்தவரை நோக்கிக் கையேந்தி நில்லாமல் ஆசியர் தாமே மன்றங்கள் கண்டனர். சிங்கப்பூரில் யூரேசியர் 1883-இல் பொழுதுபோக்குக் கழகம் அமைத்தனர். பாடாங் திடலின் ஒரு முனையில் கிரிக்கெட் கழகமும், மறு முனையில் பொழுதுபோக்குக் கழகமும் எதிரெதிரே நின்றன. 1885-இல் நீரிணைச் சீனர் பொழுதுபோக்குக் கழகம் எழுந்தது. கோலாலம்பூரில் 1914-இல் தமிழர் உடற்பயிற்சிக் கழகம் தோன்றிப் பின்னர்க் கலையையும் தழுவி வளர்ந்தது. சிங்கப்பூர் இந்தியர் சங்கம் 1923-இல் பிறந்தது. இவை நம் இளைஞர்க்குத் திடலையும், நூலையும், மேடையையும் தந்தன. அந்நன்றியை மறத்தல் ஆகாது.

எனினும் வரலாறு புகழுரை மட்டும் கேட்பதன்று. ஆசியர் மன்றங்களும் பெரும்பாலும் அரசாங்க எழுத்தர், ஆசிரியர், வணிகர், வழக்கறிஞர் ஆகியோர் மன்றங்களாகவே இருந்தன. இந்தியத் தமிழர், இலங்கைத் தமிழர் என்ற பிரிவும் அங்கு நிலவியது. நகரத்துக் கிராணியார் மாலையில் மட்டை பிடித்து ஆடிய அதே வேளையில், சில கல் தொலைவில் லயத்து வாசலில் அமர்ந்திருந்த தொழிலாளிக்குக் கூடுமிடமாகக் கோயிலும் கள்ளுக்கடையுமே இருந்தன. அவனை யாரும் விதி எழுதித் தடுக்கவில்லை. மாதம் 13 வெள்ளியே தடுத்தது. துரையின் வேலியைக் கண்டு நொந்தவர்கள், தம் வேலியைக் காணவில்லை.

விடுதலைக்குப் பின்

1957-இல் மலாயா விடுதலை பெற்றது. மன்றங்களில் நிறத்தின் வாயில் தகர்ந்தது. உள்நாட்டு அதிகாரிகளும் வணிகரும் துரைமார் நாற்காலிகளில் அமர்ந்தனர். கோல்ப் ஆட்டம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. சிங்கப்பூர்க் கோல்ப் கழகம் 1891-இலும், சிலாங்கூர்க் கோல்ப் கழகம் 1893-இலும் தோன்றியவை. சிங்கப்பூரில் 1963-இல் இரு பழைய கோல்ப் கழகங்கள் இணைந்து ஐலண்ட் கண்ட்ரி கிளப் ஆயின. நாட்டுப்புறச் சூழலில் பரந்த புல்வெளியும் உணவு விடுதியும் நீச்சற் குளமும் ஒருங்கே கொண்ட இவ்வகை மன்றம், 1882-இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு அண்மையிலுள்ள புரூக்ளைனில் முதன்முதலாக அப்பெயர் பெற்றது என்பர்.

நிறம் போன இடத்தில் விலை வந்து நின்றது. சிங்கப்பூரில் பல கோல்ப் கழகங்களின் உறுப்பினர் உரிமை, வீட்டையும் பங்குப் பத்திரத்தையும் போல விற்கவும் வாங்கவும் கூடிய சொத்தாயிற்று. நிலம் குறைவு, கழகங்கள் சில, செல்வர் பலர். விலை ஏறாமல் என் செய்யும்? ஒரு கழகம் பதினெட்டுக் குழி ஆட்டத்துக்கே ஐம்பது, அறுபது ஹெக்டர் நிலம் வேண்டும். 2014 வாக்கில் சிங்கப்பூர் நிலப்பரப்பில் ஏறக்குறைய 2 விழுக்காடு கோல்ப் திடல்களாக இருந்தது. குத்தகை முடிந்த நிலங்களை அரசாங்கம் வீட்டுக்கும் போக்குவரத்துக்கும் எடுக்கத் தொடங்கியது. ஜூரோங் கண்ட்ரி கிளப் 2016-இலும், ராபிள்ஸ் கண்ட்ரி கிளப் 2018-இலும் மூடப்பட்டன. எஞ்சிய கழகங்களின் உரிமை மேலும் அரிதாயிற்று. 2023-இல் செந்தோசாக் கோல்ப் கழகத்தில் வெளிநாட்டவர்க்குரிய உரிமை 5 லட்சம் வெள்ளிக்கும் மேல் கைமாறியது. அவ்வாண்டு சிங்கப்பூர்வாசிகளின் இடைநிலை மாத வருமானம், முதலாளி செலுத்தும் சேமநிதியும் சேர்த்து, 5,197 வெள்ளி. உண்ணாமல் உடுக்காமல் முழுவதையும் சேர்த்தாலும் எட்டு ஆண்டுச் சம்பளம் அந்த ஒரு சீட்டுக்கு வேண்டும்.

இதனால் பழைய காலமும் இக்காலமும் ஒன்றே என்று கூறுவது நேர்மையாகாது. அன்று பிறப்பால் அடைபட்ட கதவு, இன்று உழைத்தும் வணிகம் செய்தும் திறக்கத் தக்கது. அது பெரிய மாற்றமே. ஆயினும் கட்டணம் ஏறுந்தோறும், 'பிறப்பு' இருந்த இடத்தில் 'பரம்பரைச் சொத்து' வந்து அமர்கிறது என்பதையும் மறுக்க முடியாது.

பத்து வெள்ளித் தவணை

கட்டணம் என்பது எப்போதும் வேலியாகவே இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை என்பதற்கு நம்மவர் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1950-களில் ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியோர் அவற்றைத் துண்டாடினர். தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த தொழிலாளர் வீடும் வேலையும் இழக்கும் நிலை வந்தது. அந்நேரத்தில் துன் வீ. தி. சம்பந்தன் ஊர் ஊராகச் சென்று, தொழிலாளரே தோட்டங்களை வாங்கலாம் என்று எடுத்துரைத்தார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. ஒரு பங்கின் விலை 100 வெள்ளி. மொத்தமாகக் கொடுக்க இயலாதவர், மாதம் 10 வெள்ளி வீதம் தவணையில் செலுத்தலாம். 1961-இல் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. பின்னர்ப் பல்லாயிரவர் உறுப்பினராயினர். மேலும் பல தோட்டங்கள் சங்கத்தின் உடைமையாயின.

இங்கும் சேர்க்கைக் கட்டணம் உண்டு; உறுப்பினர் பட்டியலும் உண்டு. ஆனால் தொகையை வகுத்தவர் வினவிய வினா வேறு. இதைக் கட்டக்கூடியவர் யார் என்று மன்றம் வினவியது. இவர்களால் எவ்வளவு கட்டக்கூடும் என்று சங்கம் வினவியது. முந்திய வினாவிலிருந்து வேலி பிறந்தது. பிந்திய வினாவிலிருந்து படிக்கட்டுப் பிறந்தது.

தமிழாசிரியர்கள் இக்கதையை மாணவர்க்கு எடுத்துச் சொல்லுதல் வேண்டும். 50 காசு, 13 வெள்ளி, 100 வெள்ளி என்னும் எண்களைக் கரும்பலகையில் எழுதி, அவற்றின் பின்னேயுள்ள மனிதரைக் காட்டினால், வரலாறும் கணக்கும் ஒரே பாடமாகும். பெரியோராகிய நமக்கும் இதில் ஒரு கடமை இருக்கிறது. நம் தமிழ்ச் சங்கங்கள், நூலகங்கள், வாசகர் வட்டங்கள் ஆகியவற்றின் சந்தாவையும், விழா நுழைவுச் சீட்டின் விலையையும் அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யும்போது, துப்புரவுத் தொழிலாளியின் மகனும் பாதுகாவலரின் மகளும் அதைக் கட்ட இயலுமா என்று முதலில் கேட்போமாக. அவர்கள் வர இயலாத மன்றம், எவ்வளவு தூய தமிழில் பெயர் சூட்டப்பட்டிருந்தாலும், துரைமார் மன்றமே.